டெசர்ட் ராக்கைத் தடுத்தவர்களுக்கு நன்றி

பர்ன்ஹாம் வட்டார மக்களுக்கும் அவர்களுக்குத் தோள்கொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தின் வடமேற்கில், நவஹோ பழங்குடி மக்களின் மண்ணில் வரவிருந்த 1,500 மெகாவாட் டெசர்ட் ராக் அனல்மின் நிலையம் வரவில்லை. ஃபோர் கார்னர்ஸ், சான் ஹுவான் ஆகிய இரண்டு பெரிய நிலக்கரி நிலையங்களின் புகையை ஏற்கெனவே சுவாசித்துவந்த வட்டாரம் அது.

2006 டிசம்பர் குளிரில் திட்ட இடத்துக்குப் போகும் பாதையை மறித்து உட்கார்ந்த தூடா டெசர்ட் ராக் (நவஹோ மொழியில் ‘தூடா’ என்றால் ‘வேண்டாம்’) அமைப்பினருக்கும், அதிலிருந்த முதியவர்களுக்கும் முதல் வணக்கம். வருமானமும் வேலையும் வரும் என்று நவஹோ தலைமையே திட்டத்தை ஆதரித்த நேரம் அது. சொந்த ஜனங்களிடமே மறுத்துப் பேசுவது எளிதல்ல.

நிலையத்துக்கான காற்று மாசு அனுமதியின் வரைவு வெளியானபோதே ஆட்சேபங்களை எழுதிக் கொடுத்தவர்களுக்குத் தனி நன்றி. இந்த வேலையின் அருமை வெளியே தெரியாது. கருத்துக்கேட்பில் எழுப்பாத குறையை மேல்முறையீட்டில் புதிதாகக் கிளப்ப விதி பொதுவாக இடம் தராது. மனுப்போடக் கெடுவும் 30 நாள்தான். 2008 ஜூலை 31 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அனுமதி கொடுத்தபோது, நவஹோ மக்களின் சுற்றுச்சூழல் அமைப்பான டினே கேர் போன்ற அமைப்புகளும் நியூ மெக்சிகோ மாநில அரசும் மேல்முறையீட்டுக்குப் போக முடிந்தது இந்த முன்வேலையால்தான்.

நீங்கள் காட்டிய ஓட்டைகள் துல்லியமானவை. மாசுக் கட்டுப்பாட்டுக்குச் சிறந்த தொழில்நுட்பத்தைத் தேர்வதன் முதல் படியே, கிடைக்கும் எல்லா முறைகளையும் பட்டியலிடுவது. நிலக்கரியை வாயுவாக்கி எரிக்கும் முறையை அதிகாரிகள் பரிசீலனைக்கே எடுக்கவில்லை. பட்டியலில் ஏறாத முறையின் செலவையும் பலனையும் அடுத்த படிகளில் யாரும் ஒப்பிட மாட்டார்கள். நுரையீரலின் ஆழம்வரை போகும் 2.5 மைக்ரான் துகளைத் தனியே கணக்கிடாமல், 10 மைக்ரான் துகளின் கணக்கையே அதற்கும் போதுமென்று வைத்தார்கள். புகையிலிருந்து இறங்கும் பாதரசம் ஆற்றில் நுண்ணுயிரிகளால் மெத்தில் பாதரசமாகி மீனில் சேரும். சான் ஹுவான் ஆற்றில் அழியும் நிலையிலுள்ள கொலராடோ பைக்மின்னோ மீன் இருக்கிறது. அதைப் பற்றிய சட்டப்படியான கலந்தாய்வு முடியுமுன்பே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

2009 ஏப்ரலில் முகமையே அனுமதியை மறுபரிசீலனைக்குத் திரும்பக் கேட்டது. செப்டம்பர் 24 அன்று மேல்முறையீட்டு வாரியம் அனுமதியை முகமைக்கே திருப்பி அனுப்பியது. திட்டம் பிறகு எழவில்லை.

மறுப்போடு நிற்காமல், மாற்று மின்சாரத்துக்கும் வேலைவாய்ப்புக்கும் கணக்குப் போட்டு அறிக்கை தந்த டினே கேர் தோழர்களுக்கும் எங்கள் நன்றி. சான் ஹுவான் நிலையம் 2022இல் மூடப்பட்டது. ஃபோர் கார்னர்ஸின் 4, 5ஆம் அலகுகளின் புகையையும் சாம்பலையும் இன்றும் கண்காணித்துவருபவர்களுக்கும் இந்த மடல் சேரட்டும்.

அன்புடன்,
அனல்மின் அனுமதி ஆவணங்களைத் தொடர்ந்து படித்துவரும் தமிழ் நண்பர்கள்