கமீய்னு ஒரு பேரு

கண்ணு,

நல்லா இருக்கியா. வேளைக்கு சாப்பிடு, வெளிய போறப்ப காதை மூடிட்டு போ. ஆத்தா முழங்கால் அப்படியேதான் இருக்கு. எம்பையன் பிரான்சுல இருக்கான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத்தான் திரியறேன், அந்த பையன்கிட்ட இருந்து மூணு வாரமா போன் இல்லன்னு யாருகிட்ட சொல்றது.

கூட இருக்கறவங்க பேரு கமீய்னு சொன்னியே, சும்மா போன்ல தேடிப் பாத்தேன். நீ எப்பவும் 'கமீய் வந்துட்டாங்க, அவங்க சமைக்கறாங்க'ன்னே சொல்ற, தமிழ்ல இந்த 'ங்க' ஒண்ணு உனக்கு எவ்ளோ வசதி பாரு. தேடினா பேரும் அதே கதை. மியூசிக் போட்ட சேன்-சான்ஸ் ஆம்பளை, படம் வரைஞ்ச பிசாரோ ஆம்பளை, சிலை செஞ்ச கிளோடெல் பொம்பளை, இப்ப பொண்ணுகளுக்குதான் அதிகமா வெக்கிறாங்களாம். நமக்கும் மணி சித்தப்பாவும் இருக்காரு, மணி சித்தியும் இருக்கு, சரிதான்.

பழைய ரோம்ல பூசைக்கு எடுபிடியா நிக்கற பசங்க, பொண்ணுகளுக்கு இருந்த பேராம் அது. அப்பா அம்மா ரெண்டு பேரும் உசுரோட இருந்தாதான் சேப்பாங்களாம், உன்னை சேத்திருக்க மாட்டாங்க. வர்ஜில்னு அந்தக் காலத்து ரோம் கவிஞர் எழுதின காவியத்துல கமில்லான்னு ஒருத்தி வர்றா, அவ அப்பன் ஊரை விட்டு ஓடறப்ப ஆத்துல வெள்ளம், கைக்குழந்தையை ஈட்டியில கட்டி அக்கரைக்கு வீசிட்டு பின்னாடியே நீந்திப் போனானாம். நானும் நகையை அடகு வெச்சு உன்னை அப்படித்தான் வீசினேன், எனக்குத்தான் பாஸ்போர்ட்டு இல்ல.

அந்த சிலை செஞ்ச புள்ளையை 1913ல மனநல ஆஸ்பத்திரில சேத்துட்டாங்க, 1943ல அப்படி ஒரு ஆஸ்பத்திரிலயே செத்துப்போச்சு. டாக்டரே கூட்டிட்டுப் போகச் சொல்லியும் பெத்தவ கேக்கல, ஒரு தடவை கூட போய் பாக்கல. அதைப் படிச்சிட்டு போனை கவுத்து வெச்சிட்டேன்.

2018ல ஆம்பளையும் ஆம்பளையும் சேந்து இருந்தா குத்தமில்லன்னு அந்த கோர்ட் தீர்ப்பு டிவில ஓடுச்சே, நீ தோசை சாப்பிட்டுட்டு இருந்த. நம்ம வீட்டுல இப்படி ஒண்ணு இருந்தா நான் மருந்தைக் குடிச்சிருவேன்னு சொன்னேன். யாரும் என்னைக் கேக்கல, நானாதான் சொன்னேன். நீ பாதியில எந்திரிச்சு கை கழுவப் போன, குழாய் சத்தம் ரொம்ப நேரம் கேட்டுச்சு. உனக்குப் பசி இல்ல போலன்னு மிச்ச தோசையை நானே தின்னேன். அப்படி சொல்லியிருக்கக் கூடாது கண்ணு.

தீபாவளிக்கு அவங்களுக்கும் துணி எடுக்கப் போனேன், கடைக்காரப் பையன் ஜென்ட்ஸா லேடீஸான்னு கேட்டான். சென்னிமலை போர்வை ஒண்ணு எடுத்துட்டு வந்துட்டேன், டபுள் சைஸ். பார்சல்ல பருப்புப்பொடியும் இருக்கு, காரம் கம்மியாதான் போட்டிருக்கேன். காதை மூடிட்டு போ.

அம்மா