அடையாள அட்டை இல்லாத மாணவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தக்கலையில் இருக்கிறோம். எட்டும் ஆறும் வயதான என் மகன்களுக்கு வீட்டில்தான் பாடம்.

போன வாரம், ஆற்றுக்கு மேலே கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலம் போனோம். 28 தூண்களையும் மூத்தவன் எண்ணினான். கீழே பறளியாறு ஓடும்போது மேலே தண்ணீர் எப்படிப் போகிறது என்று கேட்டான் சின்னவன். வீட்டுக்கு வந்ததும் கமுகம்பாளையைச் செங்கல் மேல் வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். அசையாமல் நின்றது. ஒரு முனையை விரல் அளவு உயர்த்தியதும் சரசரவென ஓடியது. அப்புறம் மாலை வரை அதுதான் வேலை!

கன்னியாகுமரியில் ஒரு கழித்தல் கணக்கு: வள்ளுவர் சிலை மொத்தம் 133 அடி, பீடம் மட்டும் 38; அறத்துப்பாலின் அதிகாரங்களும் 38. மீதி 95 என்று மூத்தவன் உடனே சொன்னான்.

ஆனால் சமீபத்தில் ஓரிடத்தில் மாணவர் கட்டணம் கேட்டபோது, பள்ளி அடையாள அட்டை இல்லை என்று மறுத்துவிட்டார்கள். பணம் பெரிதில்லை. “அப்போ நான் மாணவன் இல்லையாம்மா?” என்று மூத்தவன் கேட்டதுதான் இன்னும் உறுத்துகிறது. சிறுவர்களுக்கு ஆதாரில் உள்ள வயதைப் பார்த்தே சலுகை கொடுக்கலாமே. சம்பந்தப்பட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய், தக்கலை