தனி மனு

உ
சிவமயம்

அன்புள்ள மகன் தம்பிக்கு உன் அப்பச்சி எழுதுவது.

நானும் ஆத்தாவும் நலம். முகப்பில் ஓடு மாற்றும் வேலை பாதியில் நிற்கிறது. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

போன வாரம் மருமகளுக்கு அமெரிக்க விசா ஒட்டிய பாஸ்போர்ட் வந்தது. சாமி வீட்டில் வைத்துக் கும்பிட்டோம். பாப்பா அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அம்மா படம் நன்றாக விழுந்திருக்கிறது" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. மருமகளும் சொல்லவில்லை. மூன்று ஞாயிறாக நீயும் ஆத்தாவோடு மட்டும் பேசிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடுகிறாய்.

நேற்று காரைக்குடிக்குப் போய் வக்கீலைப் பார்த்தேன். நீ கிரீன் கார்டில் இருந்தபோது மருமகளுக்காகப் போட்ட குடியேற்ற மனுவில் தாயோடு மகளும் சேர்ந்திருந்தாள். நீ அமெரிக்கக் குடிமகன் ஆனதும் மருமகள் காத்திருப்பு இல்லாத பிரிவுக்கு மாறிவிட்டாள். அந்தப் பிரிவில் தாயின் மனுவோடு பிள்ளை வர முடியாதாம். பிள்ளைக்கென்று ஐ-130 என்கிற உறவினர் மனுவைத் தனியாகப் போட வேண்டுமாம். நீ குடிமகன் ஆன அன்று பிள்ளையார்பட்டியில் மோதகம் நிவேதனம் செய்து தெரு முழுக்கக் கொடுத்தேனே, அன்றைக்கே அவள் பெயர் அந்த மனுவிலிருந்து விழுந்துவிட்டது.

பத்து வயதிலேயே பேரேட்டில் உன் ஐயாவின் கூட்டல் பிழையைக் கண்டுபிடித்தவன் நீ. இதை எப்படி விட்டாய்? போட்டுவிட்டாய் என்றால் எங்களிடம் ஏன் சொல்லவில்லை?

உங்கள் கல்யாணம் பதிவானபோது அவளுக்கு 16. பிள்ளைக்கு 18 ஆவதற்குள் நடந்த கல்யாணம் என்பதால் அந்த நாட்டுச் சட்டப்படி அவள் உன் பிள்ளைதான். நம் வழக்கத்தில் செய்வதுபோல் பிள்ளை கூட்டி, அதாவது தத்தெடுத்து, வரக்கூட வேண்டியதில்லை. வருகிற ஆவணியில் அவளுக்கு 21 ஆகிறது. அதற்குள் மனு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் வயது அந்தத் தேதியோடு நின்றுவிடும். தவறினால் வளர்ந்த பிள்ளைகளின் வரிசையில் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும். அதுவரை கல்யாணமும் ஆகக் கூடாது. தேவகோட்டையிலிருந்து வந்திருந்த ஜாதகத்தை இன்று காலை திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆவணி என்பதை மறந்துவிடாதே.

இதையெல்லாம் ஆத்தாவை விட்டே சொல்லச் சொல்லியிருக்கலாம். ஆனால் மார்கழியில் நடந்ததை நான்தான் எழுத வேண்டும்.

பிள்ளையார் நோன்பன்று பங்காளிகள் எல்லாரும் பட்டாசாலைக் கூடத்தில் இருந்தார்கள். திரி ஏற்றிய மாவுப் பிரசாதமான இழையை நான் எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தேன். ஆத்தாவுக்குப் பக்கத்தில் பாப்பா கையை நீட்டினாள். "முதலில் நம் வீட்டுப் பிள்ளைகள்" என்று சொல்லி அவள் கையைத் தாண்டி அடுத்த பிள்ளைக்குக் கொடுத்தேன். திரும்பி அவளிடம் வரவேயில்லை. அவள் இரண்டாம் கட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவினாள். நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். அன்றிலிருந்து என்னோடு உன் பேச்சு குறைந்தது.

யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பெரியப்பா வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று கூசினேன். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னைத் தாத்தா முறையில் ஐயா என்று கூப்பிடும் பிள்ளை அவள். மாத்திரை வேளையை நான் மறந்தாலும் அவள் மறப்பதில்லை. அப்பச்சிக்கு இவள்மேல் மனமில்லை என்று எண்ணித்தான் அவளுடைய மனுவைத் தள்ளிவைத்தாயா? அப்படியென்றால் அந்தத் தப்பு என்னுடையது. அதற்கு அவளைத் தண்டிக்காதே.

நேற்றிரவு அவளைக் கூப்பிட்டு அன்றைக்கு நான் செய்தது தப்பு என்று சொன்னேன். "பரவாயில்லை ஐயா" என்றாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவளுடைய பிறப்புச் சான்றிதழ், அவள் தகப்பனாரின் இறப்புச் சான்றிதழ், உங்கள் திருமணப் பதிவுச் சான்றிதழ் மூன்றுக்கும் நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். தபாலுக்குக் காத்திருக்க வேண்டாம், படமும் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கட்டணம் எவ்வளவு என்றாலும் என் கணக்கிலிருந்து தருகிறேன். மருமகள் மகளை விட்டுத் தனியாகப் புறப்பட வேண்டாம். விசாவில் போட்டிருக்கும் கடைசித் தேதிவரை பொறுத்துப் பார்க்கலாம்.

பதில் நீளமாக எழுத வேண்டியதில்லை. மனு போட்ட தேதியை மட்டும் எழுது. அதை நானே பாப்பாவிடம் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
அப்பச்சி