இளையோருக்குப் படகு: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரித்தானியாவில் பிள்ளைகளைக் கால்வாய்ப் பயணம் அழைத்துப்போகச் சொந்தமாக ஒரு படகு வாங்கலாமா என்று யோசிக்கும் தமிழ்த் தொண்டு அமைப்புகளுக்காக இதை எழுதுகிறோம். எண்ணம் நல்லது. ஆனால் திரட்டிய பணமெல்லாம் படகு விலைக்கே போய்விட்டால், ஓட்டப் பழகிய ஆளில்லாமல் அது கரையிலேயே கட்டிக் கிடக்கும்.

கால்வாய்க்கென்றே செய்த ஒடுங்கிய நீளப் படகான நாரோபோட்டின் அகலம் ஏறத்தாழ 6 அடி 10 அங்குலம். நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும், இரு முனையிலும் கதவுள்ள தொட்டிதான் லாக்; குறுகிய லாக்குகளின் அகலமே 7 அடிதான். நீளம் 70 அடிக்கு மேலும் உண்டு. படுக்கை கூடுதலாகக் கிடைக்கிறதே என்று நீளமானதை எடுத்தால் வட இங்கிலாந்தின் சில கால்வாய்களுக்குள் நுழைய முடியாது. 57 அடிப் படகு கிட்டத்தட்ட எங்கும் போகும். பயணிகள் 12 பேரைத் தாண்டினால் பயணிகள் கப்பலுக்கான சான்றிதழும் அதற்கேற்ற உரிமம் பெற்ற ஓட்டுநரும் தேவை. தொண்டர்களை நம்பி நடத்தும் அமைப்பு 12க்குள் நிற்பதே புத்தி. படகுப் பாதுகாப்புச் சான்றிதழை 4 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அடிப்பகுதிக்குக் கறுப்புப் பூச்சு 2, 3 ஆண்டுக்கு ஒருமுறை. அதைத் தள்ளிப்போட்டால் இரும்பை நீர் தின்றுவிடும்.

இனி லாக். பயிற்சிக்கென்று ஒதுக்கும் நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போக வேண்டும். கீழிறங்கும்போது மேல் கதவை ஒட்டி நீருக்கடியில் ஒரு கல்திட்டு இருக்கும். அது எதுவரை நீள்கிறது என்பதைக் கரையில் போட்ட வெள்ளைக் கோடு காட்டும். படகின் பின்பக்கம் கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். பின்பக்கம் திட்டில் சிக்கினால் முன்பக்கம் தாழ்ந்து நீர் உள்ளே வரும். அப்போது நீரை வெளியே விடும் கீழ் மதகுகளை உடனே மூடிவிட்டு, அதன் பிறகே மேல் மதகைத் திறந்து நீரை ஏற்ற வேண்டும். மேலேறும்போது கதவிலுள்ள மதகை அவசரப்பட்டுத் திறந்தால் நீர் நேராக முன்தளத்தில் கொட்டும். கதவில் அல்லாமல் தரைக்கடியில் நீர் விடும் தரை மதகு இருந்தால் முதலில் அது. படகின் கயிற்றைக் கரையிலுள்ள கட்டையில் சுற்றிப் பிடிக்கலாம், முடிச்சுப் போடக் கூடாது. இறங்கும் லாக்கில் முடிச்சுப் போட்ட படகு கயிற்றில் தொங்கும்.

மதகு திருப்பும் கைப்பிடியை அச்சில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. திறந்த மதகை இறங்காமல் பிடிக்கும் தடுப்புப் பல் நழுவினால் அது சுழன்று மணிக்கட்டை முறிக்கும். ஒவ்வொரு மதகிலும் நிற்பவரின் கண் படகோட்டியின் மேல்தான், கைபேசியில் அல்ல. சுவரில் மோதப்போகும் படகைக் காலால் தள்ளித் தடுக்க முயலும் பிள்ளை எல்லாக் குழுவிலும் ஒருவராவது இருக்கும். 15 டன் இரும்பை யார் காலும் நிறுத்தாது, மோதினால் மோதட்டும். யாராவது தண்ணீரில் விழுந்தால் உடனே நியூட்ரல். பின்னோக்கி எடுத்தால் புரொப்பலர் அவரை இழுக்கும்.

புரொப்பலரில் பிளாஸ்டிக் பை சுற்றினால் எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் மேலுள்ள மூடியைத் திறக்க வேண்டும். திரும்ப மூடும்போது சரியாக இறுகவில்லையென்றால், எஞ்சினைப் போட்டதும் தண்ணீர் உள்ளே பொங்கும். படகு மூழ்கவே இது ஒன்று போதும். கால்வாய் நீரில் எலிச் சிறுநீரால் வரும் வைல்ஸ் நோய்க் கிருமி இருக்கலாம். காயத்துக்குப் பிளாஸ்திரி, சாப்பாட்டுக்கு முன் கைகழுவல், இரண்டிலும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பயண நேரத்துக்கு ஒரு கணக்கு: மைல்களின் எண்ணிக்கையையும் லாக்குகளின் எண்ணிக்கையையும் கூட்டி மூன்றால் வகுத்தால் எத்தனை மணி நேரம் என்பது வரும். வேக வரம்பு மணிக்கு 4 மைல்; கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதிலும் குறைவு. இளையோரோடு நாளுக்கு ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் திட்டமிட வேண்டாம்.

வாங்குவதற்கு முன் ஒரு பருவம், தொண்டு அமைப்புகள் நடத்தும் சமூகப் படகொன்றை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். குறைந்தது இருவரை, சமூகப் படகு அமைப்புகளின் சங்கமான நேஷனல் கம்யூனிட்டி போட்ஸ் அசோசியேஷனின் படகோட்டும் பயிற்சிக்கு அனுப்புங்கள். ஒருவர் மட்டும் தெரிந்தவராக இருந்தால், அவருக்குக் காய்ச்சல் வந்த அன்று பயணமில்லை. லண்டனில் தொடங்குவோருக்கு சவுத்தால் பக்கத்து புல்ஸ் பிரிட்ஜிலிருந்து அல்பேர்ட்டன் வழியே லிட்டில் வெனிஸ் வரையான பாதையில் லாக்கே இல்லை. சுக்கான் பழக ஏற்றது. அது கைவந்த பிறகு ஹன்வெல்லின் ஆறு லாக்குகளுக்குப் போகலாம். நவம்பர் முதல் மார்ச் வரை பராமரிப்புக்காக லாக்குகளை மூடுவதுண்டு. தேதி குறிக்குமுன், கால்வாய்களைப் பராமரிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்டின் அறிவிப்பைப் பாருங்கள்.

இப்படிக்கு,
கால்வாய்ப் படகுத் தொண்டர்கள் சிலர்
லண்டன்