நாற்பது பெட்டிக்கு ரிப்பன் கட்டும் மகளுக்கு

காரைக்குடி,
கார்த்திகை மாதம்.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். பிள்ளையார் நோன்புக்கு இன்னும் பத்து நாள்தான். இருபத்தோரு இழைத் திரிக்கு நூல் எடுத்து வைத்துவிட்டேன். இந்த ஆண்டும் உனக்காகத் தம்பிதான் இழை எடுத்துக்கொள்ள, மாவில் வைத்து ஏற்றிய அந்தத் திரியைச் சுடரோடு விழுங்கப் போகிறான்.

நீ அனுப்பிய ரிப்பன் பூவின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தொலைபேசியில் சொன்னால் "சரி அம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

உன் ரிப்பன் பூ ஏன் தொய்ந்து கிடக்கிறது என்று கேட்டிருந்தாய். தொய்வைவிட எனக்கு உறுத்தியது வேறு. ஒரு வளையம் பளபளக்கிறது, பக்கத்து வளையம் மங்கிக் கிடக்கிறது. நீ வாங்கியிருப்பது ஒரு பக்கச் சாட்டின். சாட்டின் நெசவில் நூல்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளாமல் மேலே நீளமாக ஓடுகின்றன. அந்தப் பக்கத்தில் மட்டுமே ஒளி வழுக்கும், முதுகுப் பக்கம் மங்கலாகத்தான் இருக்கும். ஆகவே ஒவ்வொரு வளையம் முடிந்து நடுவுக்கு வரும்போதும் ரிப்பனை அரைத் திருப்பு திருப்ப வேண்டும். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேருகிற இடத்தில் அந்தத் திருப்பை அழுத்திப் பிடித்துக்கொள். பத்து வளையம் முடியும்வரை அந்தப் பிடியை விடக்கூடாது. விட்டால் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தொய்வதற்குக் காரணம் நடுக்கட்டு. நீ கம்பியைச் சுற்றி, கம்பியையே முறுக்கியிருக்கிறாய். கம்பியை ஒரு கையில் அசையாமல் பிடித்துக்கொண்டு பூவைத் திருப்பிப் பார். கட்டு எலும்பு போல இறுகிவிடும். பிறகு வளையங்களை ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம் என்று உள்ளேயிருந்து இழுத்து விரி. வாலை மீன்வால் போல வெட்டு. வால் நுனியை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்பிலிருந்து ஓரத்தை நோக்கிச் சாய்வாக ஒரே வெட்டு. இரண்டு வெட்டாக வெட்டினால் நடுவில் பிசிறு நிற்கும்.

அளவும் சொல்லிவிடுகிறேன். ஒரு வளையம் 4 அங்குலம் என்றால் அதற்கு 8 அங்குல ரிப்பன் வேண்டும். பத்து வளையத்துக்கு 80. வால் இரண்டுக்கும் பத்துப் பத்து அங்குலம். மொத்தம் 100 அங்குலம், கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர். தோழி வீட்டுக் கல்யாணத்துக்கான நாற்பது பெட்டிக்கு 100 மீட்டருக்கு மேல் போகும். தெரிந்துதான் ஒப்புக்கொண்டாயா?

அந்தக் கணக்கைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

நீ மெழுகுவத்தியில் ஓரம் காட்டி இதழ் செய்கிறேன் என்று சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. வேலை என்று பார்த்தால் சரியான வேலைதான். பாலியஸ்டர் ரிப்பன் சூட்டில் உருகி ஓரம் கட்டிக்கொள்ளும், பிசிறு வராது. பருத்தி ரிப்பன் உருகாது, பற்றிக்கொள்ளும். பட்டு, முடி கருகிய வாடை அடிக்கும். புது ரோல் வாங்கினால் ஒரு விரற்கடை நறுக்கி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்த்துவிட்டுத் தொடங்கு. சுடரின் மஞ்சள் நுனியில் காட்டினால் கரி படியும். அடியில் நீலமாக இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் காட்டி, உடனே எடுத்துவிடு. எப்போதும் இடுக்கி. விரலால் பிடிக்கவே கூடாது.

இடுக்கி என்று எழுதும்போது உன் இடக்கை ஆட்காட்டி விரல் நினைவுக்கு வராமல் இருக்குமா? நுனியில் அந்த வெள்ளைத் தழும்பு இன்னும் இருக்கிறதா ஆத்தா?

அப்பாவின் கடை நொடித்த ஆண்டு அது. நீ ஏழாம் வகுப்பு. பெரிய வீட்டில் நம் பங்குக்கு வந்த இரண்டு அறையும் பின்கட்டும்தான் நமக்கு. பேன்சி கடை ஒன்றிலிருந்து ரிப்பன் பூ வேலை எடுத்துக்கொண்டேன். மூட்டை முகப்பு வழியாக வந்தால் பங்காளி வீட்டார் பார்ப்பார்களே என்று பின்வாசல் வழியாக வாங்குவேன். ஒரு குரோஸ் கட்டினால்தான் கூலி. ஒரு குரோஸ் என்றால் 144 பூ, பூவுக்கு ஐந்து இதழ், ஆக 720 இதழ். என் ஒருத்தியின் கையால் ஆகவில்லை. பள்ளி விட்டு வந்ததும் உன்னை உட்கார வைத்தேன். நான் நறுக்குவேன், நீ ஓரம் காட்டுவாய், தம்பி இதழ்களை ஐந்தைந்தாக அடுக்குவான். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ரிப்பன் ரோல் உருண்டு ஓடினால் நீங்கள் இருவரும் சிரித்துக்கொண்டே துரத்துவீர்கள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு இது விளையாட்டுத்தான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஒருநாள் இரவு பத்து மணிக்கு மேல் உனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. சிவப்பு ரிப்பன் உருகி உன் விரலில் ஒட்டிக்கொண்டது. தண்ணீரில் முக்கியும் சூடு தணியவில்லை. ஒட்டிய ரிப்பனை எடுக்கும்போது தோலும் சேர்ந்து வந்தது. அதற்கெல்லாம் முன்பு, நீ 'அம்மா' என்று அலறியபோது, நான் முதலில் பார்த்தது கீழே விழுந்து கருகிய இதழ்களைத்தான். "எட்டு இதழ் போயிற்றே" என்று சொன்னேன். உனக்கு அது நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. மறுநாள் நீ அந்த விரலில் துணி சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனாய். இரட்டைச் சடையை மடித்து, என் கையால் கட்டிய ரிப்பன் பூவோடுதான் போனாய்.

சென்ற மாதம் தம்பி கைப்பேசியில் ஒரு பழைய புகைப்படத்தைக் காட்டினான். நியூயார்க்கில் நூறு ஆண்டுகளுக்கும் முன்பு எடுத்தது. ஒரு சிறிய வீடு, நடுவில் மேசை. அதைச் சுற்றித் தாயும் பிள்ளைகளும் உட்கார்ந்து செயற்கைப் பூ கட்டுகிறார்கள். லூயிஸ் ஹைன் என்பவர் 1908 முதல் ஊர் ஊராகப் போய், வேலை செய்கிற பிள்ளைகளைப் படமெடுத்தாராம். குழந்தைத் தொழிலுக்கு எதிராகச் சட்டம் கேட்டவர்களுக்கு அந்தப் படங்கள் பெரிய சாட்சியாக இருந்தன என்று தம்பி சொன்னான். நான் அந்தத் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கெட்டவள் முகம் இல்லை அது. களைத்தவள் முகம். பார்க்கப் பார்க்க எனக்கு நம் பின்கட்டும் அந்த மெழுகுவத்தியும்தான் தெரிந்தன.

வறுமை என்று ஒரு சொல்லில் இதை முடித்துவிட எனக்கு மனமில்லை. வறுமை இருந்தது உண்மை. அந்தக் கூலியில்தான் உன் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டினேன், அதுவும் உண்மை. ஆனால் விரல் சுட்ட பிள்ளையைத் தூக்குவதற்கு முன்னால் இதழை எண்ணினேன். அதற்கு வறுமை காரணம் ஆகாது. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதைக் கேட்க இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டன.

ரிப்பனைக் கண்டாலே நீ வெறுப்பாய் என்று நினைத்திருந்தேன். இப்போது டொராண்டோவில், வெளியே பனி கொட்டும்போது, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு நீயாக விரும்பி ரிப்பனை எடுத்து உட்காருகிறாய் என்று கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மகிழ்ச்சியில்தான்.

ஆனால் அந்த நாற்பது பெட்டியைத் துணிக்காசுக்கு மட்டும் கட்டித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. தோழியின் தங்கை கல்யாணம் என்கிறாய். சரி. ஒரு பெட்டிக்கு 25 நிமிடம் என்று வைத்தாலும் 1000 நிமிடம் ஆகிறது. பதினாறு மணி நேரம் நாற்பது நிமிடம். அலுவலகத்தில் இரண்டு நாள் சம்பளம் வாங்காமல் வேலை செய்வாயா? அந்தப் பதினாறு மணி நேரமும் உன் தூக்கத்திலிருந்துதான் போகும். தூங்காத கை நெருப்புப் பக்கத்தில் போகக்கூடாது என்று எனக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது.

உன் பாட்டி, நம் ஆயா, கொட்டான் முடைந்தது உனக்கு நினைவிருக்கும். பனைங்குருத்தோலையை வார்ந்து, சாயம் ஏற்றி, ஈரத்துணியில் சுற்றி வைத்து முடைவார்கள். பங்காளி வீட்டுக் கல்யாணம் எதுவானாலும் ஆயா வீட்டுக் கொட்டான் போகும். ஒரு காசு வாங்கியதில்லை. வாங்கினால் கௌரவக் குறைவு என்று நினைத்தார்கள். பிறகு பிளாஸ்டிக் கூடை வந்தது, கொட்டானைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று. இன்று செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 2019-இல் கண்டாங்கிச் சேலைக்கும் கிடைத்தது. கடைகளில் அதே கொட்டானை நல்ல விலைக்கு வைத்திருக்கிறார்கள், முடைகிற பெண்களுக்குக் கூலி கிடைக்கிறது. ஆயா இருந்து பார்த்திருக்க வேண்டும்.

தோழிக்கு விலையைக் குறைத்துக்கொடு, அது உன் விருப்பம். இனாமாகத் தருவதென்றால் இரண்டு பெட்டி தா. நாற்பதையும் தராதே. துணிக்காசு தனியாக, கைக்கூலி தனியாக எழுதிக் காட்டு. கூச்சப்படாதே.

இன்னொன்று. குளூ கன்னை நம்பி எல்லா இதழையும் ஒட்டாதே. போன சித்திரையில் இங்கே ஒரு கல்யாணத்துக்குச் சீர்த்தட்டு இருபத்தொன்று அலங்கரித்துக் கொடுத்தேன். அவசரத்தில் பாதியைப் பசையில் ஒட்டிவிட்டேன். மூடிய வேனில் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றதும் பசை இளகி, மண்டபத்தில் இறக்கும்போது இதழெல்லாம் தட்டில் உதிர்ந்து கிடந்தது. அங்கேயே உட்கார்ந்து ஊசி நூலில் தைத்து முடித்தேன். உன் ஊரில் அந்த வெயில் இல்லை, ஆனாலும் கோடையில் மூடிய கார் ஒன்று போதும். இதழ்களின் அடியில் நூலோட்டம் போட்டு, ஐந்தையும் ஒரே நூலில் கோத்து, சுருக்கி இழுத்து முடிச்சுப் போடு. பசை நடு மணிக்கு மட்டும் போதும். ஜப்பானில் சதுரத் துணித் துண்டுகளை மடித்துக் கொண்டைப் பூ செய்கிறார்களே, சுமாமி என்று, அதற்கு அந்தக் காலத்திலிருந்தே அரிசிப் பசைதானாம். நான் பருத்தித் துணிப் பூவுக்கு ஜவ்வரிசிக் கஞ்சி போடுவேன். கஞ்சி போட்டுக் காய்ந்த துணியைக் கிராஸாக வெட்டி, கரண்டி முதுகைச் சுட வைத்துத் தலையணை மேல் இதழை அழுத்தினால், கிண்ணம் போலக் குழிந்து நிற்கும். உயிர்ப் பூ என்றே நினைப்பார்கள்.

ரிப்பன் ரோஜாவும் உனக்கு வரும். ஒரு அங்குல ரிப்பனில் பதினெட்டு அங்குலம் எடு. நடுவில் செங்கோணமாக மடித்து, ஒன்றன் மேல் ஒன்றாக மாற்றி மாற்றி மடித்துக்கொண்டே போ. சின்ன வயதில் காகிதத்தில் ஸ்பிரிங் செய்வாயே, அதே மடிப்புத்தான். கடைசி இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மடிப்பை விடு. பிறகு ஒரு நுனியை மட்டும் மெதுவாக, மிக மெதுவாக இழு. மேலே இதழ்கள் சுழன்று சுழன்று உள்வாங்கி, நடுவில் ஒரு சின்னக் குழி விழும். அங்கே நிறுத்திவிடு. அடியில் நான்கு தையல். ஒரு இழுப்பு கூடினால் எல்லாம் அவிழ்ந்து வெறும் ரிப்பனாகக் கையில் நிற்கும். எனக்கு இன்றும் பத்தில் ஒன்று அப்படிப் போகிறது.

வியாழக்கிழமை பார்சல் போடுகிறேன். அரக்குச் சிவப்பிலும் மாம்பழ மஞ்சளிலும் இரண்டிரண்டு ரோல், நீண்ட இடுக்கி ஒன்று, நோன்புக்குப் பொரிக்கிற கருப்பட்டிப் பணியாரம் கெட்டுவிடும் என்பதால் அதற்குப் பதில் சீப்புச் சீடை ஒரு டப்பா. இடுக்கியை முதலில் எடுத்து மெழுகுவத்திப் பக்கத்திலேயே வைத்துவிடு.

அடுத்த முறை படம் எடுக்கும்போது பூவைக் கவிழ்த்து வைத்து முதுகுப் பக்கத்தையும் எடுத்து அனுப்பு. கட்டு எப்படி விழுந்திருக்கிறது, நூல் எப்படிப் போயிருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும். கூடவே உன் இடக்கையையும் ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா