திருவல்லிக்கேணியில் அன்றிரவு எங்கள் படியேறி வந்தவர்களுக்கு

சென்னைத் தீயணைப்பு வீரர்களுக்கும் எங்கள் தெருக்காரர்களுக்கும் வணக்கம்.

நள்ளிரவு தாண்டி, கீழே படிக்கட்டு ஓரம் இருந்த மீட்டர் பலகை பற்றிக்கொண்டது. இரண்டாம் மாடியில் நானும் 78 வயது அம்மாவும். கதவைத் திறந்தால் கரும்புகை. 101-ஐ அழைத்தேன். எடுத்தவர் முகவரி, பக்கத்தில் என்ன அடையாளம், உள்ளே எத்தனை பேர் என்று பதறாமல் கேட்டார். "கதவைச் சாத்திடுங்க. துணியை நனைச்சு அடியில அடைங்க. ஜன்னல்கிட்ட உக்காருங்க, வண்டி கெளம்பிடுச்சு" என்றார். முகம் தெரியாத அந்தக் குரலுக்குத்தான் என் முதல் நன்றி.

இருபுறமும் வாகனங்கள் நின்றதால் வண்டி தெருமுனையோடு நின்றுவிட்டது. இஸ்திரி போடும் அண்ணனும் எதிர்வீட்டுப் பையன்களும் பைக்குகளைத் தூக்கி ஓரம் வைக்க, வீரர்கள் ஹோஸோடு ஹோஸ் இணைத்து வாசல்வரை இழுத்து வந்தார்கள். வந்தும் தண்ணீர் அடிக்கவில்லை. கூடியிருந்தவர்கள் கத்தினார்களாம். மின்சாரம் ஓடும் பலகையில் தண்ணீர் பட்டால் அடிப்பவர் உயிருக்கே ஆபத்து என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. மின்வாரியத் தம்பி ஓடி வந்து ஃபியூஸைப் பிடுங்கும்வரை உலர்பொடியாலேயே தீயை அடக்கி வைத்திருந்தார்கள்.

ஜன்னல் வழியே நான் பார்த்தது ஒழுங்கு. நிலைய அலுவலர் ஒருவர் மட்டுமே கட்டளையிட்டார். ஓட்டுநர் பம்பைவிட்டு நகரவே இல்லை; தொட்டியில் இருப்பது சுமார் 4,500 லிட்டர், வேகமாக அடித்தால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும் என்று பிறகு சொன்னார். அதனால்தான் அடுத்த நிலையத்து வண்டியும் பின்னாலேயே வந்திருக்கிறது. மூச்சுக்கருவி மாட்டிய இருவர் சுவரைத் தடவியே மேலேறி, மொட்டைமாடிக் கதவின் பூட்டை உடைத்தார்கள். அதைப் பூட்டி வைத்தது எங்கள் தவறு. புகைக்கு வழி கிடைத்ததும் படிகள் தெரியத் தொடங்கின.

"அம்மா, கண்ணை மூடிக்கிட்டு என் தோளைப் புடிச்சுக்கங்க" என்று ஒரு தம்பி அம்மாவைத் தூக்கி இறக்கினார்.

இது மாநகராட்சியின் வேலை என்றே நினைத்திருந்தேன். மும்பையில் அப்படித்தான்; இங்கே மாநில அரசின் தனித்துறை, தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் மாண்ட தீயணைப்பு வீரர்களின் நினைவாகத்தான் அந்த நாளைத் தீயணைப்போர் நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். நமக்கு அது சித்திரைப் பிறப்பு. இனி எங்கள் வீட்டில் அன்று அவர்களுக்கும் சேர்த்தே விளக்கு.

நன்றிக்கென்று நான் நீட்டிய பணத்தை அலுவலர் வாங்கவில்லை. ஆளுக்கொரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். மொட்டைமாடிக் கதவுக்கு இப்போது தாழ்ப்பாள் மட்டும்தான். அம்மா இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்: "அந்தப் புள்ள சாப்பிட்டானான்னு யாராவது கேட்டீங்களா?"