சாயாஜி ஷிண்டே சாருக்கு, பாரதி வேஷம் போடுற இன்னொருத்தன் எழுதுறது

வணக்கம் சார்,

நான் திருநெல்வேலி பக்கம் மேடை நாடகத்துல நடிக்கிறவன், சினிமா ஆளு கிடையாது. இப்போ எங்க குழு பாரதியோட கடையம் வாழ்க்கைய மட்டும் எடுத்து ஒரு நாடகம் பண்றோம், அதுல நான்தான் பாரதி. இந்த வேஷத்தோட பாரம் என்னன்னு உள்ள இருந்து தெரிஞ்சவங்க ரொம்ப கம்மி, அதனாலதான் உங்களுக்கு எழுதுறேன்.

2000ல ஞான ராஜசேகரன் சாரோட 'பாரதி' வந்தப்போ, மராத்திக்காரர் எப்படி பாரதி ஆக முடியும்னு எங்க தெருவுல முகம் சுளிச்சவங்க இருந்தாங்க. அதுக்கு முந்தின வருஷம்தான் ஹிந்தில 'ஷூல்' படத்துல வில்லனா மிரட்டியிருந்தீங்க, தமிழ் உங்க தாய்மொழி இல்ல, படத்துல கேக்குற குரலும் வேற ஒருத்தரோடது. ஆனா படம் பாத்துட்டு வந்தப்புறம் அதே ஆளுங்க ஒரு வார்த்தை பேசல. அது ஏன்னு எனக்கு இந்த ரிகர்சல்லதான் புரியுது சார். எங்களுக்கு பாரதின்னா சின்ன வயசுலயே ஒரு சிலை மனசுல உக்காந்துடுது. ஸ்கூல் மாறுவேஷப் போட்டியில மையால மீசை வரைஞ்சு முண்டாசு கட்டி 'அச்சமில்லை'ன்னு கத்துன பிள்ளைங்கதான் நாங்க எல்லாரும். அந்த முண்டாச தலையில வச்ச உடனே நெஞ்சு தானா நிமிருது, குரல் தானா ஏறுது. உங்களுக்கு அந்த சிலை இல்ல. அதான் நீங்க ஒரு மனுஷன நடிச்சீங்க, கோவக்காரன், பசியோட இருக்கிறவன், பொண்டாட்டி முகத்த நேரா பாக்க முடியாம தவிக்கிறவன்.

கடையம் காலம் கொஞ்சம் கொடுமையான காலம் சார். 1908ல பிரெஞ்சுக்காரங்க கையில இருந்த புதுச்சேரிக்குப் போனவர் பத்து வருஷம் கழிச்சு, 1918 நவம்பர்ல பிரிட்டிஷ் எல்லைக்குள்ள கால் வச்சதும் பிடிச்சு கடலூர் ஜெயில்ல போட்டாங்க. அங்க இருந்து கவர்னர் பெண்ட்லண்டுக்கு இங்கிலீஷ்ல ஒரு மனு எழுதுறார், நான் அரசியல அடியோட விட்டுட்டேன், என்னை விடுங்கன்னு. எங்க நாடகம் அங்கதான் ஆரம்பிக்குது. அச்சமில்லைன்னு பாடுன அதே கை அந்த மனுவ எழுதுது, இத எப்படி நடிக்கிறது? டைரக்டர் முதல்ல சொன்னது, எழுதி முடிச்சதும் உடைஞ்சு அழணும்னு. நான் முடியவே முடியாதுன்னு நின்னேன். அழுதா அவர் தப்பு பண்ணிட்டாருன்னு ஆயிடும், அவருக்கு நாம மன்னிப்பு குடுக்குற மாதிரி ஆயிடும், அதுக்கு நாம யாரு? வெளிய செல்லம்மாவும் ரெண்டு பொண்ணுங்களும் நிக்கிறாங்க. இப்போ நான் அத நிறுத்தாம ஒரே வேகத்துல எழுதுறேன், பத்திரிகை ஆபீஸ்ல தலையங்கம் எழுதிப் பழகின கை இல்லையா, அந்தப் பழக்கத்துல எழுதுறேன். எழுதி முடிச்சு பேனாவ துடைச்சு வச்சுட்டு, விரல்ல ஒட்டுன மையையே பாத்துட்டு இருக்கேன். அவ்வளவுதான்.

வெளிய வந்தப்புறம் வாசம் கடையம், செல்லம்மாவோட ஊர். மாமனார் ஊர்ல கையில காசில்லாம உக்காந்திருக்கிறது ஒரு ஆம்பளைக்கு எப்படி இருக்கும்னு எங்க ஊர்ல யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. 1919 மே மாசம் எட்டயபுரம் ராஜாவுக்கு சீட்டுக்கவி எழுதுறார், உதவி கேட்டு. சின்ன வயசுல அவரே வேலை பாத்த சமஸ்தானம். கேக்குறது உதவி, ஆனா பாட்டுல என்ன சொல்றார் பாருங்க, 'கவியரசர் தமிழ்நாட்டுக் கில்லையெனும் வசையென்னாற் கழிந்த தன்றே'. தமிழ்நாட்டுல கவியரசன் இல்லைங்கிற பழிய நானே தீர்த்துட்டேன்னு! கை நீட்டும்போது கூட தலை குனியல. இந்த வரிய கம்பீரமா சொன்னா கைதட்டு கண்டிப்பா விழும், ஆனா வயித்துல பசியோட சொன்னாத்தான் அது பாரதி. ராஜா கிட்ட இருந்து ஒண்ணும் வரல.

அடுத்த வருஷம் இன்னொரு முயற்சி, தன் எழுத்து மொத்தத்தையும் 40 புஸ்தகமா, ஒவ்வொண்ணும் 10,000 பிரதி அச்சடிக்கப் போறேன், கடன் குடுங்கன்னு நண்பர்களுக்கு சுற்றறிக்கை விடுறார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி மாதிரி வீட்டுக்கு வீடு விக்கும்னு நம்புறார். நாலு லட்சம் பிரதி சார்! படிக்கிறப்போ எனக்கு தொண்டை அடைக்குது, ஏன்னா அந்தக் கணக்கு பைத்தியக்காரத்தனம் இல்ல, கொஞ்சம் முன்னாடி போட்டுட்டார், அவ்வளவுதான். இன்னைக்கு அவர் புஸ்தகம் இல்லாத ஊரு எது?

அபின் பழக்கம் இருந்ததையும் கூடப் பழகினவங்களே எழுதி வச்சிருக்காங்க. அத நாடகத்துல வைக்கக் கூடாதுன்னு சிலர் எங்ககிட்ட சண்டைக்கே வந்தாங்க. வச்சிருக்கோம். அத மறைச்சா செல்லம்மா பட்டதையும் சேத்துல்ல மறைக்கணும்.

யானை மிதிச்சு செத்தார்னு இன்னமும் நிறைய பேர் நம்புறாங்க. திருவல்லிக்கேணியில யானை தள்ளி விட்டது உண்மை, அவரோட நண்பர் குவளைக்கண்ணன் உள்ள புகுந்து தூக்கினதும் உண்மை, ஆனா அப்புறம் தேறி எழுந்து சுதேசமித்திரன் பத்திரிகை வேலைக்குப் போனார், ஈரோடு கருங்கல்பாளையம் போய் மனுஷனுக்கு மரணமில்லைன்னு பேசினார். 1921 செப்டம்பர்ல வயித்துக்கடுப்புலதான் போனார், வயசு 39 கூட முடியல. உங்க படம் அவரோட இறுதி ஊர்வலத்துலதான் ஆரம்பிக்கும், விரல் விட்டு எண்ணுற மாதிரி கொஞ்சம் பேர்.

இப்போ நீங்க மகாராஷ்டிராவுல சஹ்யாத்ரி தேவ்ராய்ங்கிற அமைப்பு மூலமா ஊர் ஊரா மரம் நட்டுட்டு இருக்கீங்க. காணி நிலமும் பத்துப் பன்னிரண்டு தென்னையும் கேட்டவர் வேஷம் போட்டவர் அதப் பண்றது எனக்கு ரொம்ப சந்தோஷம் சார்.

எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அந்தப் பாட்டுங்களோட ஓசை உங்களுக்குப் புதுசா இருந்த நேரத்துல, கேமரா முன்னாடி எதப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க? வார்த்தையையா, மூச்சையா, பக்கத்துல செல்லம்மாவா நின்ன தேவயானி மேடத்தோட முகத்தையா? உங்க கண்ணு அதுல எங்கயோ நிலைச்சு நிக்குது, அது எங்கன்னு நான் திரும்பத் திரும்ப தேடுறேன். தயவுசெஞ்சு அந்த அனுபவத்த விரிவா எழுதுங்க சார். மராத்தியிலயே எழுதுங்க, இல்ல பேசிப் பதிவு பண்ணுங்க, தமிழுக்குக் கொண்டு வர்ற வேலைய இங்க நாங்க பாத்துக்கிறோம்.

அன்போட,
தென்காசி ரோட்டு மேடை நடிகன் ஒருத்தன்